கல்லைத் திரும்ப வைத்தவர்

அவர் எடுத்தது பத்து யூரோ. எடுத்த பிறகு கல்லைப் பழைய இடத்திலேயே வைத்தார். கல் ஆடியதோ என்னவோ, மறுபடி குனிந்து தட்டையான பக்கம் அடியில் வரும்படி அதைத் திருப்பி வைத்தார். பணத்தை எடுத்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கல்லைச் சரிசெய்த அந்த இரண்டு விநாடிதான் இன்னும் என்னை விடவில்லை.

இடம், பிரான்ஸில் லு புய் நகரத்திலிருந்து ஸ்பெயின் எல்லையோரத்து மலையடிவாரம்வரை ஏறத்தாழ 750 கிலோமீட்டர் போகும் பழைய யாத்திரைப் பாதை. லு புய் ஆயர் கோதெஸ்கால்க் 950ஆம் ஆண்டில் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்குக் கிளம்பினார் என்பதால் இந்த வழிக்கு ஒரு மூப்பு உண்டு. இப்போது இதற்கு ஜி.ஆர். 65 என்று எண்ணும், மரத்திலும் பாறையிலும் வெள்ளை-சிவப்புக் கோடும் இருக்கின்றன. அன்று நாஸ்பினாலில் கிளம்பி ஓப்ராக், சேன் ஷெலி வழியாக சேன் கோம் ஊரை அடைய வேண்டும். சுமார் 33 கிலோமீட்டர். விவரம் தெரிந்தவர்கள் சேன் ஷெலியில் படுத்துவிட்டு மறுநாள் மிச்சத்தை நடப்பார்கள். 1,300 மீட்டருக்கு மேலிருக்கும் மேட்டு நிலத்திலிருந்து லோத் ஆற்றங்கரைக்கு இறங்கும் வழி அது. ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், இறக்கம் முழங்காலையே கேட்கும்.

சேன் ஷெலி தாண்டியபின் ஒரு பண்ணை வீட்டு வாசலில் மேசை போட்டிருந்தது. பிளாஸ்க்கில் காப்பி, கவிழ்த்து வைத்த கோப்பைகள், ஈ மொய்க்காமல் வலை மூடிய கேக். பக்கத்தில் ஒரு பீங்கான் தட்டு; தட்டில் நாணயங்களும் சில தாள்களும்; தாள்களின் மேல் ஒரு கல். ஆள் யாரும் இல்லை. விலையும் எழுதவில்லை. இந்தப் பாதையில் இது சகஜம். ‘தொனாதிவோ’ என்பார்கள். எடுத்துக்கொள், தோன்றியதைப் போடு. பூட்டிய பெட்டி வைப்பவர்களும் உண்டு. இந்த வீட்டில் திறந்த தட்டு.

நான் வளைவைத் தாண்டி வரும்போது அவர் ஏற்கெனவே மேசையருகே குனிந்திருந்தார். கல்லை ஒரு கையால் தூக்கி, மறு கையால் ஒரு சிவப்புத் தாளை உருவிச் சட்டைப் பையில் வைத்தார். சிவப்பென்றால் பத்து யூரோ. பிறகு கல். பிறகு கோலை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். அவசரம் ஒன்றும் தெரியவில்லை. அறுபதைக் கடந்த வயது இருக்கும்.

இதைத் திருட்டு என்று ஒரு சொல்லில் முடித்துக்கொண்டிருக்கலாம். என் அப்பத்தாதான் விடவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போவாள். குருக்கள் தீபாராதனைத் தட்டை நீட்டுவார். அப்பத்தா முந்தியை அவிழ்த்து ஐந்து ரூபாய்த் தாளைத் தட்டில் போடுவாள். போட்டதோடு நகர மாட்டாள். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே தட்டிலிருந்து நாணயங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உள்ளங்கையில் பரப்பி எண்ணுவாள். நாலரை ரூபாய் சேரும்வரை குருக்கள் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பின்னால் வரிசை முனகும். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருக்கும்.

“சாமி காசை எடுக்குறியே அப்பத்தா?”

“நான் போட்டதுல மிச்சத்தை எடுக்குறேன்டா. சாமிக்கு எட்டணா. பாக்கி நம்ம பஸ்ஸுக்கு. நடந்தா வருவே?”

வரிசையில் மூன்றாவதாக நின்றவர் அவள் போட்டதைப் பார்த்திருக்க முடியாது. எடுத்ததை மட்டும் பார்த்திருப்பார். சாமி தட்டில் கைவைக்கும் கிழவி என்று யார் வீட்டிலாவது அன்று பேச்சு நடந்திருக்கும்.

பண்ணை வீட்டு மேசையைப் பொறுத்தவரை நானும் வரிசையில் மூன்றாவது ஆள்தான். அவர் அதற்கு முன் தட்டில் எதையாவது போட்டாரா என்பது வளைவுக்கு அந்தப் பக்கம் நடந்தது. இருபது யூரோத் தாளைப் போட்டுப் பத்தை எடுத்திருக்கலாம். இந்த வழியில் பணம் எடுக்கும் இயந்திரம் எல்லா ஊரிலும் கிடையாது. சில்லறை கிடைத்த இடத்தில் மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். அப்படியென்றால் ஒரு காப்பிக்கும் ஒரு துண்டு கேக்குக்கும் அவர் கொடுத்தது பத்து யூரோ. அன்று அந்த வாசலைத் தாண்டியவர்களில் அவரைவிட அதிகம் கொடுத்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார். எதுவும் போடவில்லையென்றால் அவரைவிடக் கீழான ஆளும் இருந்திருக்க மாட்டார். இரண்டுக்கும் கை ஒரே மாதிரிதான் அசையும். இரண்டிலும் கல்லைத் திரும்ப வைக்க வேண்டியிருக்கும்.

திருடுகிறவன் கல்லைச் சரிசெய்வானா? மாட்டான் என்று அரை கிலோமீட்டர் நடந்தேன். அடுத்த அரை கிலோமீட்டரில், பழகியவன்தான் அவ்வளவு ஒழுங்காக வைப்பான் என்று பட்டது. இறக்கம் முழுக்க இதே வேலை. வேரும் கல்லும் பார்த்துக் கால் வைக்க வேண்டிய வழியில் மனத்துக்கு இப்படி ஒரு வழக்கு கிடைத்தால் கால்வலிகூடப் பின்னுக்குப் போய்விடுகிறது.

அந்தக் கல் காற்றுக்காக வைத்தது. ஆள் எடுப்பான் என்று பயந்திருந்தால் அந்த வீட்டுக்காரர் பெட்டி வாங்கிப் பூட்டியிருப்பார். அவர் கணக்கில் அங்கே வரக்கூடிய ஒரே கள்ளன் காற்று. கொண்டுபோனவர், அவர் யாராக இருந்தாலும், அந்த ஏற்பாட்டைக் கலைக்காமல் போயிருக்கிறார். மிச்சப் பணம் பறந்துவிடக் கூடாது என்ற அக்கறை அவருக்கு இருந்திருக்கிறது. யாருக்காக அந்த அக்கறை? இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறேன்.

அன்று காலைதான் ஓப்ராக் ஊரைக் கடந்திருந்தேன். ஊர் என்பது பெருஞ்சொல். ஒரு தேவாலயம், ஒரு கோபுரம், சில கட்டடங்கள், சுற்றிலும் புல்வெளி, புல்வெளியில் கண்ணுக்கு மை தீட்டிய பழுப்பு மாடுகள். 1120 வாக்கில் அதலார் என்ற ஃப்ளாண்டர்ஸ் நாட்டுப் பிரபு இந்த மேட்டில் யாத்திரிகர்களுக்கு மடம் கட்டினார். இங்கே பனியில் வழிதவறியதும், கொள்ளையரிடம் சிக்கியவர்களின் தலைகளைக் கண்டதும்தான் அதற்குக் காரணம் என்று கதை. மடத்தில் வந்தவருக்கெல்லாம் சோறும் படுக்கையும் உண்டு. மூடுபனி இறங்கினால் துறவிகள் மணியடித்துக்கொண்டே இருப்பார்கள். தொலைந்தவர்களின் மணி என்று அதற்குப் பெயர். மணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவன் யாத்திரிகனா, யாத்திரிகனை வெட்டியவனா என்று மணிக்கு எப்படித் தெரியும்? பனிக்குள் இருவருக்கும் ஒரே குளிர். கொள்ளைக்குப் பயந்து கட்டிய மடம் கொள்ளைக்காரனுக்கும் சேர்த்துத்தான் மணியடித்திருக்க வேண்டும். தெரியாமலா அடித்தார்கள்?

யாத்திரிகர் வேடத்தில் கள்ளர்கள் திரிந்ததும் உண்மை. 1455இல் திஜோன் நகரில் ஒரு பெரிய கூட்டத்தைப் பிடித்து விசாரித்தார்கள். ‘கொக்கியார்’ என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். யாத்திரிகர்கள் அணியும் சிப்பியை வைத்து வந்த பெயர். சிப்பி தொங்கினால் கதவு திறக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் முதுகுப்பையிலும் ஒரு சிப்பி தொங்குகிறது. லு புய்யில் வாங்கியது. என்னை நம்பி எத்தனையோ பேர் கதவு திறந்தார்கள். சிப்பியைத் தவிர என்னைப்பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

சேன் கோம் தேவாலயத்தின் முறுக்கிய கூம்பு தெரிந்தபோது மாலையாகிவிட்டது. விடுதியில் சாப்பாட்டு மேசையில் எனக்கு நேர் எதிரே அவர் உட்கார்ந்திருந்தார்.

சூப் வந்தது. பிறகு அலிகோ, உருளைக்கிழங்கு மசியலில் புது வெண்ணெய்க்கட்டியைப் போட்டுக் கம்பி கம்பியாக இழுபடும்வரை கிண்டுவது, இந்த மலையின் சாப்பாடு. அவர்தான் எல்லாருக்கும் பரிமாறினார். ரொட்டியை வெட்டினார். என் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, கொப்புளத்துக்கு ஊசியும் நூலும் போதும் என்று வைத்தியம் சொன்னார். நான் அவரை ஆராய்ந்துகொண்டிருந்தேன். வாசலில் இருந்த அவருடைய செருப்பில் அடிப்பாகம் பிய்ந்து ஒட்டுநாடா சுற்றியிருந்தது: சரி, இல்லாதவர். ஆனால் கைக்கோல்கள் விலை உயர்ந்தவை. விடுதிக்குப் பணம் எண்ணிக் கொடுத்தபோது சிவப்புத் தாள் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. என் பையிலும் நாலு இருந்தன.

கேட்டிருக்கலாம். “மத்தியானம் அந்த மேசையில் சில்லறை மாற்றினீர்களா?” என்று சாதாரணமாகக் கேட்க எனக்குப் பிரெஞ்சு போதும். அவர் ஆமாம் என்றால் நான் நம்புவேனா என்று யோசித்தேன். இல்லை என்றால் என்ன செய்வேன் என்றும் யோசித்தேன். இரண்டுக்கும் பதில் இல்லாதபோது கேள்வி எதற்கு என்று இன்னொரு கரண்டி அலிகோ வாங்கிக்கொண்டேன். அவர் தாராளமாகப் போட்டார்.

அதே பாதையில் கோங்க் ஊர் போய்ச் சேர்ந்ததும் இந்த வழக்கு மறுபடி கிளம்பியது. அங்குள்ள தேவாலய வாசலின் மேல் 12ஆம் நூற்றாண்டில் செதுக்கிய இறுதித் தீர்ப்பு இருக்கிறது, 124 உருவங்கள். சொர்க்கத்துப் பக்கம் வரிசையாக, அமைதியாக, கொஞ்சம் அலுப்பாக. நரகத்துப் பக்கம்தான் சிற்பிக்குக் கை துள்ளியிருக்கிறது. அங்கே ஒரு கஞ்சன் கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்குகிறான். நடுவில் ஆன்மாவை எடைபோடும் தராசு. பிசாசு ஒரு விரலால் தட்டை அழுத்திப் பார்க்கிறது. அந்த விரலைப் பார்த்து ரொம்ப நேரம் நின்றேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வாசலுக்குள் இருக்கும் புனிதை ஃபுவாவே திருடிக் கொண்டுவரப்பட்டவள். அவளுடைய எலும்புகள் ஆஜான் நகரத்தில் இருந்தன. 9ஆம் நூற்றாண்டில் கோங்க் துறவி ஒருவர் அங்கே போய்ப் பல ஆண்டு தங்கி, நம்பிக்கை சம்பாதித்து, காவல் பொறுப்பையும் வாங்கிக்கொண்டு, ஓர் இரவு எலும்புகளோடு கிளம்பிவிட்டார் என்கிறது அந்த மடத்தின் கதை. மறைக்கவில்லை, பெருமையாகச் சொல்கிறது. 11ஆம் நூற்றாண்டில் ஆஞ்சே நகரத்து பெர்னார் அவளுடைய அற்புதங்களைத் தொகுத்தார். எப்போதோ படித்தது, அரைகுறையாக நினைவில் இருக்கிறது. அதில் இந்தச் சின்னப் பெண் கனவில் வந்து, இன்ன மோதிரம், இன்ன வளையல் என்று குறிப்பிட்டுக் கேட்பாள். கொடுக்காதவர்களை விடமாட்டாள். பொன் தகடு போர்த்திய அவள் உருவம் இன்றும் அங்கே கற்கள் பதித்து உட்கார்ந்திருக்கிறது. அப்பத்தா பார்த்திருந்தால் இருவருக்கும் ஒத்துப்போயிருக்கும்.

ஆஜான்காரர்களுக்கு அது திருட்டு. கோங்க்காரர்களுக்கு அவளே வர விரும்பினாள். நடந்ததைப் பார்த்தவர் யாருமில்லை என்பது இரண்டு தரப்புக்கும் வசதியாக இருந்திருக்கும். நான் பார்த்துவிட்டேன், அதுவும் பாதியை.

ஊர் திரும்பியபின் இரண்டு நண்பர்களிடம் இதைச் சொன்னேன். ஒருவர், வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். என்னவென்று சொல்வது? உங்கள் தட்டில் ஒருவர் கை வைத்தார், முழுதாகப் பார்க்கவில்லை என்றா? சொன்னால் அவர் மறுநாள் பெட்டி வாங்கிவிடக்கூடும் என்றேன். வாங்கட்டுமே, அதில் உனக்கென்ன நஷ்டம் என்றார். நஷ்டம்தான் என்று பட்டது. யாருக்கு என்று சொல்லத் தெரியவில்லை.

மற்றவர் கேட்டது வேறு. “அதெல்லாம் இருக்கட்டும். நீ எவ்வளவு போட்டே?”

“காப்பி குடிச்சேன். பத்து யூரோ போட்டேன்.”

“காப்பிக்கா பத்து யூரோ?”

காப்பிக்கு நான் வழக்கமாகப் போடுவது இரண்டு. அன்று பத்து போட்டது அவர் எடுத்ததை ஈடுகட்டவா, அல்லது அவர் கொடுத்ததற்குக் குறையாமல் கொடுக்கவா என்று நண்பரிடம் விளக்கப் பார்த்தேன். முதலாவது என்றால் அவரைத் திருடன் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டாவது என்றால் வள்ளல் என்று. போடும்போது எதை நினைத்தேன் என்று எனக்கே நினைவில்லை.