பரீட்சை வேண்டாம்

கம்பத்தில் எங்கள் உறவுக்காரர் ஒருவரின் ஏழு வயது மகளுக்கு மதுரையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. சிறுமூளையில் வளர்ந்திருந்த கட்டியை எடுத்தார்கள். மறுநாள் "அம்மா, தண்ணி" என்று கேட்ட குழந்தை, மூன்றாம் நாள் பேச்சற்றுப் போனாள். பார்க்கிறாள், அழுகிறாள், ஒரு சொல் வரவில்லை.

நான் போனபோது கட்டிலைச் சுற்றிச் சொந்தபந்தம் நின்றிருந்தது. பெரியப்பா குனிந்து, "தாயி, நான் யாரு? சொல்லு பாப்போம்" என்றார். அத்தை மூன்று விரலைக் காட்டி, "இது எத்தனை கண்ணு?" என்றாள். என் முறை வந்தது. நாலு எழுத்துப் படித்தவன் நான். நானும், "என்னைத் தெரியுதா?" என்றுதான் கேட்டேன். குழந்தை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருத்துவர் காரணம் சொன்னார். சிறுமூளையில் அறுவை நடந்த குழந்தைகளில் சிலருக்கு இப்படி நேர்வதுண்டாம். ஓரிரு நாள் பேசிவிட்டு மௌனமாகிவிடுவார்கள். வாரங்களிலோ மாதங்களிலோ பேச்சு திரும்பும். ஆனால் பலருக்கு முன்போல் ஓட்டமாக வராது. "பழையபடி ஆகிவிடுவாளா?" என்று தகப்பனார் கேட்டார். "பேசுவாள்" என்று மட்டும் சொன்னார் மருத்துவர்.

அந்தப் பதிலை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் ஊர் திரும்பினேன். இந்தியாவில் நரம்பியல் அறுவைக்கென்று முதல் துறையை வேலூரில் ஜேக்கப் சாண்டி தொடங்கியது 1949-இல். அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் ராமமூர்த்தி தொடங்கினார். அதற்கும் முன்னால் பிறந்திருந்தால் இந்தக் குழந்தையின் கதி என்ன? விஞ்ஞானம் குழந்தையை மீட்டுக் கொடுத்துவிட்டது. மீண்டு வந்தவளை எப்படி ஏற்றுக்கொள்வது என்பது நம் பாடு. அதை எந்த மருத்துவரும் நமக்காகச் செய்ய முடியாது.

'நான் யார்?' என்று அவளை எதற்காகக் கேட்டோம்? அவளுக்காகவா? இல்லை. நம் பயம் தணிய வேண்டும். அதற்கு அவள் வாயைத் திறக்க வேண்டும். பேச்சுப் பயிற்சி தருபவரும் கேள்வி கேட்கிறார்தான். ஆனால் பயிற்சி வேறு, பரீட்சை வேறு. பயிற்சியில் தவறினால் மறுபடி செய்யலாம். பரீட்சையில் தவறினால் எதிரில் நிற்பவர் முகம் வாடுகிறது. அந்த வாட்டத்தைப் படிக்கக் குழந்தைக்குப் பேச்சு தேவையில்லை.

நம் பள்ளத்தாக்கையே பாருங்கள். மேற்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்று நீரை, அணை கட்டி, மலையைக் குடைந்து, 1895-இல் இந்தப் பக்கம் திருப்பினார்கள். வயலில் வந்து பாயும் தண்ணீரைப் பார்த்து, 'நீ பழைய வழியில் ஏன் போகவில்லை?' என்று எந்தச் சம்சாரி கேட்கிறான்? மடையைத் திறந்து விடுகிறான். பிள்ளை விஷயத்தில் மட்டும் நமக்குப் பழைய வழியேதான் வேண்டும்!

அந்த அறையில் கேள்வி கேட்காத ஜீவன் ஒன்றே ஒன்று: அவளுடைய அப்பத்தா. கிழவி காலைப் பிடித்துவிட்டபடி ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருப்பாள். வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அடுத்த வீட்டுக் கோழி அடைகாத்தது. பதிலை எதிர்பார்த்து ஒருநாளும் அவள் நிறுத்தியதில்லை.

ஐந்தாவது வாரம் மறுபடி போனேன். "நம்ம செவலை ஈன்றிருச்சு தாயி" என்று கிழவி சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தையின் உதடு அசைந்தது. எழுத்தெழுத்தாக, இழுத்து இழுத்து, ஒரு சொல் வந்தது: "கி...டே...ரியா?"

கிழவியின் பேச்சுதான் வாயைத் திறந்தது என்று நான் சாதிக்கவில்லை. மருத்துவர் சொன்ன காலம் வந்தது, அவ்வளவுதான். ஆனால் சொல்வதற்கு அவளிடம் ஒரு விஷயம் இருந்ததே, அது யார் கொடுத்தது?

அறையே துள்ளி எழுந்தது. "இன்னொரு தடவை சொல்லு! இன்னொரு தடவை!" என்று எல்லோரும் கட்டிலை மொய்த்தார்கள். என் நாக்கு நுனியிலும் அதுதான் இருந்தது.

கிழவி கையை ஓங்கி எங்களை அதட்டினாள். "சும்மா இருங்கப்பா! புள்ள என்னையக் கேட்டிருக்கு. நான் பதில் சொல்ல வேணாமா?"

பிறகு பேத்தியின் பக்கம் குனிந்தாள்.

"கிடேரிதான் தாயி. நெத்தியில வெள்ளைச் சுட்டி."