முதலில் போனவர்

மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் கிடையாது. அந்த வண்டியின் சத்தமே எனக்கு ஆகாது. ஆனாலும் ஜிம்மி சிம்ப்ஸன் என்ற ஆங்கிலேயரின் சரித்திரத்தைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விட்டபாடில்லை. ஒரு காரியத்தை முதலில் செய்து காட்டுகிறவர் பெரியவரா, அதைக் கடைசி வரைக்கும் கொண்டுபோய் முடிக்கிறவர் பெரியவரா?

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே மான் தீவு என்று ஒன்று இருக்கிறது. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்ட இங்கிலாந்தின் சட்டம் இடம் கொடுக்கவில்லை. தனக்கென்று சட்டசபை வைத்திருந்த அந்தத் தீவு இடம் கொடுத்தது. அப்படித்தான் 1907ல் டி.டி. பந்தயம் அங்கே ஆரம்பமாயிற்று. 1911 முதல் ஸ்நேஃபெல் மலைமேல் ஏறி இறங்கும் நீண்ட பாதையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சுற்று ஏறக்குறைய 38 மைல். கிராமத்துத் தெரு, கல்பாலம், வீட்டுச் சுவர்கள், அப்புறம் மூடுபனி கவிந்த மலை. ஆடுகள் தப்பிப் போகாமலிருக்க அந்த நாளில் மலைச் சாலையின் குறுக்கே கதவுகள் போட்டிருந்தார்களாம். விடியற்காலைப் பயிற்சிக்கு முதலில் வருகிறவர் வண்டியை நிறுத்தி, இறங்கிக் கதவைத் திறந்துவிட்டுப் போக வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்கு அங்கே கதவு இருந்ததே தெரியாது.

பந்தயத்தன்று எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதில்லை. இடைவெளி விட்டுவிட்டு அனுப்புவார்கள். எதிராளி பெரும்பாலும் கண்ணில் படமாட்டார். கடிகாரத்தோடுதான் மல்லுக்கு நிற்க வேண்டும்.

சிம்ப்ஸனுக்கு இது ரொம்பப் பொருத்தமான ஏற்பாடு. 1924ல், 350 சி.சி. ஏ.ஜே.எஸ். வண்டியில், மணிக்கு 60 மைலுக்கு மேற்பட்ட சராசரியில் ஒரு முழுச் சுற்றை ஓட்டிக் காட்டினார். அந்தப் பாதையில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. 1926ல் 70 மைலைத் தாண்டிய முதல் மனிதரும் அவர்தான். 1931ல் நார்ட்டன் வண்டியில் 80ஐத் தாண்டினார். அதிலும் அவரே முதல்வர். இப்போது அந்த மூன்று பந்தயங்களின் முடிவைப் பாருங்கள். 1924ல் வென்றவர் கென்னத் ட்வெம்லோ. 1926ல் ஸ்டான்லி வுட்ஸ். 1931ல் டிம் ஹன்ட். முதல் மூன்று இடங்களில்கூட ஒரு தடவையாவது சிம்ப்ஸன் பெயர் இல்லை.

இயந்திரத்தை முறித்துப் போடுகிறவர் என்று அவருக்குப் பெயர். வண்டி எவ்வளவு தாங்கும் என்று பார்த்து ஓட்டுகிற சுபாவம் இல்லை. தாங்காத இடம் வந்தால்தான் நிற்பார். முயல் ஆமைக் கதையை நினைத்துக்கொண்டு இவரை ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அந்த முயல் வேகமாக ஓடியதற்காகத் தோற்கவில்லை, தூங்கியதற்காகத் தோற்றது. சிம்ப்ஸன் தூங்கினதே இல்லை.

கதை எழுதுகிறவர்களுக்குத் தோற்றவர்களிடம் ஒரு பட்சபாதம் உண்டு. அதை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். முறிந்த இயந்திரம் சிம்ப்ஸனுடையது அல்ல, கம்பெனியுடையது. ராத்திரியெல்லாம் கண் விழித்து அதைப் பூட்டிய மெக்கானிக், மறுநாள் கையில் ஸ்பானரோடு சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மற்றவர்களெல்லாம் வந்து போகிறார்கள். அவருடைய வண்டி மட்டும் வரக் காணோம். அவர் பக்கத்தில் நின்று பார்த்தால், சாதனைச் சுற்று என்பது பிறர் உழைப்பைச் செலவழித்து ஒருவர் பெற்ற ஆனந்தமாகத்தான் தோன்றும். நிதானமாக ஓட்டி வண்டியைக் கொண்டுவந்து சேர்ப்பதும் ஒரு நாணயந்தான்.

இப்படிச் சொல்லிவிட்டாலும் மனம் சமாதானப்படவில்லை. நிதானமாக ஓட்டுகிறவர் எதைக் கணக்கு வைத்து நிதானிக்கிறார்? இன்னும் இவ்வளவு வேகம் சாத்தியம், அதில் இவ்வளவை நான் மிச்சம் பிடிக்கிறேன் என்றுதானே? அந்த முழுத் தொகை எவ்வளவு என்று யாராவது ஒருவர் செலவழித்துக் காட்டியிருக்க வேண்டும். இயந்திரம் செய்கிறவர்களுக்கும் அப்படித்தான். முறியாத வண்டியிலிருந்து எந்த உறுப்பு முதலில் முறியும் என்று தெரிந்துகொள்ள முடியாது. வென்றவர்களின் விவேகத்தில் ஒரு பங்கு சிம்ப்ஸனிடம் வாங்கிய கடன் என்றே எனக்குப் படுகிறது. அந்தக் கடனுக்குப் பத்திரம் கிடையாது என்பதுதான் வித்தியாசம்.

1934ல் ஜூனியர் பந்தயத்திலும் சீனியர் பந்தயத்திலும் அவர் இரண்டாவதாக வந்தார். இரண்டிலும் முதலில் வந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜிம்மி கத்ரி. அதே வாரம், 250 சி.சி. ரட்ஜ் என்ற சின்ன வண்டியில் லைட்வெயிட் பந்தயத்தில் சிம்ப்ஸன் ஜெயித்தார். மான் தீவில் அவருக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது. ஏழு சுற்றுக்கும் சேர்த்துச் சராசரி மணிக்கு 70 மைலுக்குச் சற்று மேல். எட்டு வருஷத்துக்கு முன்னால், இரண்டு மடங்கு பெரிய இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஒரே ஒரு சுற்றில் அந்த 70ஐ எட்டினதற்கு ஊரே மூக்கில் விரலை வைத்தது! அந்த வருஷத்தோடு அவர் பந்தயத்தை விட்டுவிட்டார்.

துணிந்து ஓட்டுகிறவர் துலைந்து போவார், நிதானக்காரர் பிழைப்பார் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பந்தயத்தை முடித்து வெல்லத் தெரிந்த கத்ரி, 1937ல் ஜெர்மன் கிராண்ட் பிரிக்ஸின் கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்தபோது விழுந்து இறந்தார். சிம்ப்ஸன் முதுமை வரை வாழ்ந்தார். விதி இந்த வழக்கில் இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்ல மறுக்கிறது.

டி.டி.யில் பிற்பாடு சிம்ப்ஸன் பெயரால் ஒரு கோப்பை ஏற்படுத்தினார்கள். மிக வேகமான சுற்றை ஓட்டுகிறவருக்கு அதைக் கொடுக்கிறார்கள். அவர் பந்தயத்தில் ஜெயித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.