புயலும் ஊழும்

2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டி, அடையாற்றை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கியதும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களை வேரோடு சாய்த்ததும் படப்பை வட்டாரத்து மக்கள் நினைவில் அழியாமல் நிற்பவை. அவற்றை நினைவுகூரும்போதெல்லாம், அழிவு தெய்வத்தின் சினமா, ஊழின் பயனா என்ற பழைய கேள்வியும் உடன் எழுகிறது.

இந்தியச் சமய மரபு துன்பத்தை மூவகையாகப் பகுக்கிறது: தன் உடலாலும் மனத்தாலும் வருவது ஆதியாத்மிகம், பிற உயிர்களால் வருவது ஆதிபௌதிகம், மழை, காற்று, இடி என மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டவற்றால் வருவது ஆதிதைவிகம்.

1934-ஆம் ஆண்டின் பீகார் நிலநடுக்கத்தைத் தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை என்று காந்தி கூறியபோது, இயற்கை நிகழ்ச்சிக்கு அறநெறிக் காரணம் கற்பிப்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாது எனத் தாகூர் மறுத்தார். முடிச்சூரின் அனுபவம் தாகூரின் பக்கமே நிற்கிறது. ஏனெனில் வெள்ளம் நல்லவர் வீடு, தீயவர் வீடு என்று பாராமல் தாழ்ந்த நிலத்தைத் தேடியே சென்றது. ஆயினும் அறக்கேள்வி அத்துடன் முடிந்துவிடுவதில்லை: மழை ஆதிதைவிகம் என்றாலும், ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலை அடைத்து, போக்குக் கால்வாயில் மனை பிரித்து விற்பதால் வீட்டுக்குள் புகும் நீர் ஆதிபௌதிகமே, அதாவது மனிதர் மனிதருக்கு இழைக்கும் துன்பமே. அதையும் ஊழின் கணக்கில் எழுதுவது சமய நம்பிக்கை ஆகாது. பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே ஆகும்.