தேர்ந்த பிள்ளையும் எஞ்சிய பிள்ளையும்

கல்வி யாவர்க்கும் பொதுவென்பது இக்காலத்தில் எவரும் வாயால் மறுக்காத கொள்கை. பிறப்பைக் கேட்டுப் பள்ளிக் கதவைத் திறந்த காலமும், குலத்தைக் கேட்டு ஏட்டை மறைத்த காலமும் ஒருவாறு ஒழிந்தன என்று நாம் மகிழ்கின்றோம். ஆயின் அக்கதவின் முன்னே இன்று வேறொரு காவலாளி நிற்கின்றான். அவன் பெயர் பரீட்சை. அவன் குலம் கேட்பதில்லை, மதிப்பெண் கேட்கின்றான். பன்னிரண்டு வயதுச் சிறுவர் சிறுமியரை வரிசையில் நிறுத்தி, 'நீ உள்ளே வா. நீ வெளியே நில்' என்கின்றான். பொதுப் பணத்தில் நடைபெறும் பள்ளிகளுள் சிலவற்றை மட்டும் உயர்ந்தனவாக்கி, அவற்றிற்குச் சில பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுப்பது நீதியாகுமா? ஆகுமெனின், அதனால் விளையும் கடன் யாருடையது? இவ்விரு வினாக்களையும் நம் தோட்ட மக்களும் பட்டண மக்களும் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இஃது எட்டாத ஊர்க் கதையன்று. சுங்கை லாலாங்கைத் தன்னுள் கொண்ட கோல மூடா மாவட்டத்திலேயே இத்தகைய பள்ளிகள் உள்ளன. சுங்கைப்பட்டாணியில் உள்ள சுல்தான் முகமது ஜீவா அறிவியல் இடைநிலைப்பள்ளி, கல்வி அமைச்சின் முழு விடுதிப் பள்ளிகளுள் ஒன்று. பீடோங்குக்கு அப்பால் மெர்போக்கில் மாரா இளநிலை அறிவியல் கல்லூரி இருக்கின்றது. முழு விடுதிப் பள்ளிகள் நாடெங்கும் எழுபது அளவில் உள்ளன. மாராவின் கல்லூரிகள் 1972 முதல் தோன்றியவை. இவ்வகைப் பள்ளிகளுக்கெல்லாம் மூத்தது 1905இல் கோலகங்சாரில் ஏற்பட்ட மலாய்க் கல்லூரி. தொடக்கத்தில் அது அரச குலத்தாரும் பெருங்குடியினரும் பெற்ற புதல்வர்க்கென்றே அமைந்தது. பிற்காலத்திலேயே எளிய குடிகளின் மக்களுக்கும் வாயில் திறந்தது. பிறப்பால் தேர்ந்த பள்ளி மதிப்பெண்ணால் தேரும் பள்ளியாயிற்று. இம்மாற்றம் முன்னேற்றமே என்பதில் ஐயமில்லை. முன்னேற்றம் அவ்வளவில் முற்றுப்பெற்றுவிட்டதா என்பதே வினா.

பரீட்சையின் வரலாற்றையும் சிறிது காண்போம். ஒரு காலத்தில் நம் நாட்டில் தொடக்கப்பள்ளி முடித்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குள் கால் வைப்பதற்கே ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. தேறாதார் பலர் பன்னிரண்டு வயதிலேயே படிப்பை விட்டனர்; நம்மவரில் அவர்கள் பால்மரக் காட்டிற்கும் களைக்கொட்டுக்கும் போயினர். அத்தேர்வு 1964இல் நிறுத்தப்பட்டது. 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை தடையின்றிச் செல்லலாயினர். பின்னர் 1988இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தது. அது எவரையும் வாயிலில் தடுத்து நிறுத்தவில்லை. ஆயினும் எத்தனை 'ஏ' என்னும் கேள்வியை ஒவ்வொரு தமிழ் வீட்டின் திண்ணைக்கும் கொண்டுவந்தது. 2021இல் அதனையும் அரசாங்கம் எடுத்துவிட்டது. பிள்ளைகளின் தலைச்சுமை இறங்கிற்று என்று பலரும் பாராட்டினர். ஆயின் உயர்ந்த விடுதிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளைத் தேரும் சிறப்பு நுழைவு மதிப்பீடு மட்டும் நிற்கின்றது. எல்லார்க்கும் பொதுவான தேர்வு போயிற்று. சிலரைப் பொறுக்கும் தேர்வு இருந்தது. இதிலுள்ள முரண்பாட்டைக் கவனித்தவர் சிலரே.

இவ்விடத்தில் ஒரு வழக்கைப் பிரித்து வைத்துவிடுவது நலம். மாரா கல்லூரிகளில் பத்தில் ஒரு பங்கு இடம் பூமிபுத்திரர் அல்லாதார்க்கு என்று 2002இல் அறிவிக்கப்பட்டது. அப்பங்கு போதுமா, போதாதா என்பது பெரிய வழக்கு. அதைப் பேச வேண்டிய மன்றங்கள் உள. யாம் இங்கு எடுத்துக்கொண்டது வேறு. நாளைக்கே வாயில் முழுவதும் திறந்து, தகுதியொன்றே அளவுகோல் என்று வைத்துக்கொண்டாலும், உள்ளே செல்வோர் சிலராகவும் வெளியே நிற்போர் பலராகவுமே இருப்பர். அப்பொழுதும் நம் வினா நம்மை விடாது.

பெற்றோர் சொல்வதை முதலிற் கேட்போம். தோட்டத்து ஆபீசிற் கணக்கெழுதும் கிராணிக்குச் சம்பளப் பட்டியலோடு வேறொரு வேலையும் தானே வந்து சேரும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணினியில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதே அது. அவ்வேலையின்போது தாய்தந்தையர் மனம் நன்கு வெளிப்படும். 'எங்க காலம்தான் வாளியோட போச்சு, கிராணி ஐயா. இவனாவது தப்பிக்கட்டும்' என்பார் ஒருவர். விடுதியிற் படித்தால் நேரத்திற்கு உணவு, நேரத்திற்குப் படிப்பு, ஆய்வுக்கூடம், நல்ல ஆசிரியர், பின்னர் உபகாரச் சம்பளம் என்று விரல்விட்டு எண்ணுவார் மற்றொருவர். ஒரே அறையில் ஐவர் உறங்கும் வீட்டில், தொலைக்காட்சியின் ஒலிக்கு நடுவே படிக்கும் பிள்ளைக்கு விடுதி மேசையொன்று எத்துணைப் பெரிய செல்வம் என்பதை அவ்வீட்டில் வாழ்ந்தவரே அறிவர். பணமுள்ளவன் தனியார் பள்ளியை விலைக்கு வாங்குகின்றான். இல்லாதவனுக்கு இதுவொன்றே ஏணி. அவ்வேணியை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமையில்லை.

மறுசாரார் அஞ்சுவர். பெண் பிள்ளையைப் பன்னிரண்டு வயதில் எப்படி அனுப்புவது, நம் பிள்ளைகள் நாலைந்து பேரே உள்ள இடத்தில் அவள் யாரோடு பேசுவாள், ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிற் கற்ற தமிழ் என்னாகும் என்பர். இவ்வச்சத்தில் ஒரு பாதி அன்பு. ஒரு பாதி, பெண்ணுக்கு இவ்வளவு படிப்பு எதற்கென்னும் பழைய இருட்டு. ஆண் பிள்ளையாயின் பேருந்து நிலையம் வரை சென்று வழியனுப்பும் அதே தந்தை, பெண் பிள்ளைக்கு மட்டும் தூரத்தைக் கணக்கிடுவாராயின், அவர் அளப்பது தூரத்தையன்று என்பதை நாம் கூசாமற் சொல்லுதல் வேண்டும்.

இனி மாணவர் பக்கம். பெற்றோர் பேச்சில் மிகுதியாய் வருவது எதிர்காலம். மாணவர் பேச்சில் மிகுதியாய் வருவது இன்று. விடுதிக்குச் சென்ற பிள்ளைகளிற் பலர், நல்ல தோழமையும் ஆசிரியரின் ஊக்கமும், தம்மினும் கூரிய அறிவுடையாரோடு பழகும் இன்பமும் கிடைத்தன என்றே கூறுவர். தன் வகுப்பில் என்றும் முதலாய் இருந்தவன் அங்கே நாற்பதாவது இடத்தில் நிற்கும்போது கற்கும் அடக்கமும் ஒரு கல்வியே. ஆயின் அதே பிள்ளைகள் வேறொன்றும் சொல்வர்: வீட்டிற்குத் தொலைபேசியில் அழைக்கும்போது அழுகையை விழுங்கிக்கொண்டு 'நல்லா இருக்கேன்மா' என்று சொல்லப் பழகியதாக. அவர்களுக்குத் தோல்வியைக் காட்டிலும், தோட்டமே தம்மேல் வைத்த நம்பிக்கை பெரும்பாரம். இடங்கிடையாத பிள்ளையோ வாய் திறப்பதில்லை. தன்னைப் பற்றி ஒரு தீர்ப்பு வந்துவிட்டதென்று அது எண்ணிக்கொள்கின்றது. பன்னிரண்டு வயதில் எழுதப்பட்ட அத்தீர்ப்பை, வேறெவரும் மறந்தபின்னும், அது நாற்பது வயது வரை மறப்பதில்லை.

தேர்வு தவறா என்றால், தேர்வெல்லாம் தவறென்று சொல்ல இயலாது. விரைந்து நடக்கவல்ல பிள்ளையை, மற்றவர் மெல்ல நடக்கின்றனர் என்பதற்காகக் கட்டி வைப்பதும் அநீதியே. தேர்ந்தெடுத்தலின் நோக்கத்தையே நாம் ஆராய வேண்டும். தோட்டத்தார்க்கு இதனை விளக்கச் செம்பனை நாற்றங்காலொன்று போதும். ஓராண்டு வளர்ந்த கன்றுகளில், வளர்ச்சி குன்றியதும் இலை விரியாததுமாக நூற்றுக்கு இருபது இருபத்தைந்து கழிக்கப்படும். நல்ல கன்றுகள் லாரியேறிக் காடெங்கும் நடப்படும். அங்கே பொறுக்குவது, காடு முழுதும் செழிக்கும் பொருட்டு. பள்ளிகளில் நாம் செய்வது இதன் தலைகீழ். நல்ல கன்றென நாம் கருதியவற்றைப் பொறுக்கித் தனிப்பாத்தியொன்றில் வேலியிட்டு வைக்கின்றோம். காட்டையெல்லாம், கழித்தவை என்று நாமே பெயரிட்டவற்றைக் கொண்டு நிரப்புகின்றோம். பின்னர்க் காடு ஏன் காய்க்கவில்லை என்று வியக்கின்றோம். அன்றியும், கன்றின் குறை கண்ணுக்குத் தெரியும். குழந்தையின் திறமோ எந்த வயதில் எந்தப் பக்கம் கிளைக்கும் என்று அறிந்தார் இலர்.

பிற நாடுகள் இவ்வழியே நடந்து கண்டவற்றையும் நோக்குக. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்பின் பதினொரு வயதில் ஒரு பரீட்சை வைத்து, சற்றேறக்குறைய நான்கில் ஒரு பிள்ளையை 'கிராமர்' பள்ளிக்கும் எஞ்சியோரிற் பெரும்பாலோரைத் தாழ்ந்த மதிப்புடைய பள்ளிக்கும் அனுப்பினர். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் சிலர் அதனால் உயர்ந்தனர் என்பது உண்மை. ஆயினும் எஞ்சியோர் பெற்றோரின் மனக்குறை வளர்ந்தது. 1965 முதல் அம்முறையை விட்டு எல்லார்க்கும் பொதுவான பள்ளிகளை அமைக்க அரசாங்கம் தூண்டிற்று. இன்று அங்கே 163 கிராமர் பள்ளிகளே எஞ்சியுள்ளன. அந்நாட்டு அறிஞர் மைக்கேல் யங் 1958இல் எழுதிய நூலொன்று, தகுதியே ஆளும் சமுதாயத்தை எள்ளி நகையாடிற்று. தகுதியால் உயர்ந்தோர், தம் உயர்வு முழுதும் தமதே என்று செருக்குற்றுத் தாழ்ந்தோரை மறப்பர் என்பது அவர் விடுத்த எச்சரிக்கை. அவர் எள்ளலாக வழங்கிய சொல்லையே உலகம் பிற்பாடு பாராட்டாக எடுத்துக்கொண்டது.

இலங்கையில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 முதல் இலவசக் கல்வி வந்தது. ஏழைக் கிராமத்துப் பிள்ளைகள் மத்திய கல்லூரிகளிற் பயில வேண்டுமென்று ஐந்தாம் வகுப்பிற் புலமைப்பரிசில் பரீட்சையும் ஏற்பட்டது. நோக்கம் தூயது. இன்றோ ஆண்டுதோறும் மூன்று இலட்சம் அளவில் பிள்ளைகள் எழுதும் அப்பரீட்சை, பத்து வயதுப் பிள்ளையைத் தனி வகுப்புகளுக்கு இழுத்துச் செல்லும் ஓட்டப்பந்தயமாயிற்று. ஏழைக்கென்று வைத்த ஏணியின் முதற்படியிலேயே பணம் படைத்தவன் பாய் விரித்துவிட்டான். ஏணி வைப்பது மட்டும் போதாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனி எல்லாவற்றினும் முக்கியமான செய்திக்கு வருவோம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, தேசியப் பள்ளியொன்றில் பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்த வழி செய்தல் வேண்டும். பதினைந்து! சிறிய பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் இவ்வெண் எளிதிற் சேர்வதன்று. தேர்ந்த பிள்ளை விடுதிக்குப் போகும்போது பள்ளியை விட்டு ஒரு மாணவன் மட்டுமா போகின்றான்? படிவம் கொண்டுபோய்த் தலைமையாசிரியரிடம் கொடுக்கத் துணிந்த தந்தையும் அவனோடு போகின்றார். கூட்டத்தில் எழுந்து, அறிவியல் ஆசிரியர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கக்கூடிய தாயும் போகின்றார். பதினைந்து பதினான்காகின்றது. எஞ்சிய பதினால்வரின் குறையைச் சொல்ல வாயும் இல்லாது போகின்றது. பொறுக்கும் முறையால் வரும் பெருந்தீங்கு இதுவே: அது கூரிய பிள்ளைகளை எடுப்பதோடு நில்லாமல், கேட்கும் பெற்றோரையும் உடன் எடுத்துக்கொள்கின்றது.

ஆதலால் கடன் யாருடையது என்ற வினாவிற்கு விடை தெளிவாகின்றது. நம்மனோர் வழக்கம் யாதெனில், இடம் கிடைத்த பிள்ளைக்குக் கோயிலிலும் சங்கத்திலும் மாலையிட்டு, 'நீதான் நம் இனத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும்' என்று பேசுவது. இது கொடுமை. பன்னிரண்டு வயதுத் தோளில் ஓரினத்தை ஏற்றுவது எவ்வகை அறம்? அப்பிள்ளையின் கடமை நன்றாய்க் கற்பதும், நன்றாய் விளையாடுவதும், தன்னோடு படித்தவனை மறவாதிருப்பதுமே. கடன்பட்டவர் பெரியவர்களாகிய நாமே. தன் பிள்ளைக்குப் பொதுப் பணத்தில் தனிமேசை பெற்ற தந்தை, பழைய பள்ளிப் பிள்ளைகளின் உடைந்த மேசைக்கும் பொறுப்பாளி ஆகின்றார். தன் பிள்ளை அங்கில்லை என்பதற்காக அவர் அப்பள்ளியின் வாயிலை மிதியாமல் இருத்தல் தகாது. பதினைந்தாவது கையெழுத்தைத் தர அவருக்கு இனி உரிமையில்லாமற் போகலாம்; அக்கையெழுத்துக்கு உரியவரின் வீட்டைத் தேடிச்சென்று கேட்க அவருக்குக் கால்கள் உண்டு. விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுக்கக் கையும் உண்டு.

விண்ணப்பிக்கு முன் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. பிள்ளையைக் கேளுங்கள். 'போகிறாயா?' என்று கேட்பது போதாது. அதற்கு அது நம் முகத்தைப் பார்த்தே விடை சொல்லும். 'போகாவிட்டால் எனக்கு வருத்தமில்லை' என்று முதலிற் சொல்லிவிட்டுப் பின்னர்க் கேளுங்கள். அப்பொழுது வரும் விடையே பிள்ளையின் விடை.

ஒரு சமுதாயம் தன் கூரிய பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்பதைப் பத்திரிகைகளில் படத்தோடு காணலாம். எஞ்சிய பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்பதைக் காண, காலை ஏழு மணிக்குச் சாதாரணப் பள்ளியொன்றின் பின்வரிசைக்குச் செல்ல வேண்டும். அறத்தின் அளவுகோல் அவ்வரிசையிலேதான் இருக்கின்றது. தமிழ்ப் பெற்றோர் இதனைச் சிந்திப்பார்களாக.