கரடி விட்டவர் யார்?

பொய்யுரைப்போனைப் பார்த்து, "கரடி விடாதே" என்கிறோம். உண்மையான கரடியொன்றைப் பற்றியே நூற்றாண்டுக் கணக்கில் விடப்பட்ட 'கரடிகள்' மேலைநாட்டில் பல உண்டு. அவற்றுள் ஒன்றை நாமும் விட்டோம். அதை ஒப்புக்கொள்ளவே எழுதுகிறோம்.

ஐரோப்பாவின் மலைக்குகைகளில் பெரும் பெரும் எலும்புகள் குவிந்து கிடந்தன. கண்டோர் கலங்கினர். நெருப்பை உமிழ்ந்து வானிலே பறக்கும் டிராகன் எனும் நாகத்தின் எலும்பு என்றனர். ஒற்றைக்கொம்புக் குதிரையின் எலும்பென்று சொல்லிப் பொடித்து, மருந்தாக விற்றோரும் உண்டு. அஞ்சியவன் பணம் தந்தான். அச்சுறுத்தியவன் பை நிறைந்தது.

1794-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் பவேரியக் குகையொன்றில் கிடைத்த மண்டையோட்டை ரோசன்முல்லர் எனும் இளைஞர் ஆராய்ந்தார். இது கரடி, இன்று உயிரோடில்லாத கரடியினம் என்றார். குகைக்கரடி என்னும் பெயர் நிலைத்தது.

ஏன் இத்தனை எலும்புகள்? பெரும்பாலும் இலை தழைகளையே தின்று வாழ்ந்த அவ்விலங்கு, குளிர்காலம் முழுதும் குகைக்குள் உறங்கும். கோடையில் போதிய கொழுப்பைச் சேர்க்காதது உறக்கத்திலேயே மாளும். ஆயிரமாயிரம் குளிர்காலங்கள், அத்தனைக்கும் சாவுகள். ஆஸ்திரியாவில் மிக்ஸ்னிட்ஸ் அருகேயுள்ள குகைக்கு டிராகன் குகை என்றே பெயர். அங்கிருந்த எலும்பு மண்ணை 1920-களில் வெட்டியெடுத்து வயலுக்கு உரமாக்கினர். நாகத்தின் மாளிகை நிலத்துக்கு எருவாயிற்று!

இதுவரை கேட்டு மகிழும் தோழர்களே, இனிதான் நம் கதை.

சுவிட்சர்லாந்தில், ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில், டிராகன் துளை எனப்படும் குகை ஒன்றுண்டு. 1917 முதல் 1923 வரை எமில் பெக்லர் அதை அகழ்ந்தார். கற்பெட்டிக்குள் கரடி மண்டையோடுகள் அடுக்கியிருக்கக் கண்டதாகக் கூறினார். நியாண்டர்தால் மனிதர் கரடியைத் தொழுதனர் என்றார். நாம் அதை அப்படியே ஏற்றோம். "முதற் கடவுள் கரடி! அச்சமே ஆண்டவனை ஈன்றது!" என்று மேடையிலே முழங்கினோம். கையொலி எழுந்தது. சான்று கேட்டோமா? இல்லை. கதை நம் கட்சிக்கு உதவிற்று, அது போதுமென்றிருந்தோம்.

பின்வந்த ஆய்வாளர்கள் கேட்டனர். கூரையினின்று இற்று விழுந்த பலகைக் கற்களே பெட்டிபோல் தோன்றலாம். ஓடும் நீரும், பின்னர் வந்து படுத்த கரடிகளின் கால்களும் மண்டையோடுகளைச் சுவரோரம் ஒதுக்கலாம். பெக்லர் வெவ்வேறு காலத்தில் வெளியிட்ட வரைபடங்களே ஒன்றோடொன்று ஒத்திருக்கவில்லை. கரடி வழிபாட்டுக்கு அக்குகை சான்றாகும் என்பதை இன்று ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்பதில்லை.

"கையிலுள்ள வாளை நாமே கீழே போடுவதா?" என்று தோழர் ஒருவர் கேட்கக்கூடும். அட்டை வாளைப் போடுவதால் யாருக்கு இழப்பு? பிறர் நம்பிக்கையை ஐயுறுவது எளிது. ஊரார் கதையைக் கிழிக்க அறிவுகூட வேண்டாம், வெறுப்பே போதும். நமக்கு இனிக்கும் கதையை ஐயுறுவதே பகுத்தறிவுக்கு வைத்த தேர்வு. அத்தேர்வில் நாம் தோற்றோம்.

எலும்போ இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. குகைக்கரடியின் வழி, பழுப்புக்கரடியும் பனிக்கரடியும் வந்த வழியினின்று பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தது. ஏறத்தாழ 24,000 ஆண்டுகளுக்கு முன் அவ்வினம் அழிந்தது; குளிரின் கடுமையும் மனிதனின் போட்டியும் காரணங்கள் என்பர். அத்துடன் முடிந்தது என்றிருந்தோம். 2018-இல் வந்த ஆய்வோ, இன்றைய பழுப்புக்கரடியின் மரபணுவில் 0.9 முதல் 2.4 விழுக்காடு வரை குகைக்கரடியின் பங்கு என்று காட்டிற்று. இரண்டும் ஒருகாலத்தில் கலந்து வாழ்ந்திருக்கின்றன! அறிவியல் தான் இட்ட முற்றுப்புள்ளியைத் தானே அழித்தது. அதனால் அது சிறுமையுறவில்லை.

நாகம் என்றவன் இருட்டிலே நின்று சொன்னான். நாம் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டே பாராமல் சொன்னோம். எவர் குற்றம் பெரிது? தோழர்களே, அடுத்த மேடையில் கைதட்டுமுன் கேளுங்கள்: "சான்று எங்கே?" பேசுபவர் நாமாயினும் கேளுங்கள்.