முட்டுக்கட்டையின் அறம்

நம் விருப்பத்திற்கு ஒருவர் இசையாதபோது, 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்று சினக்கிறோம். இச்சொல் தேரோடும் வீதியில் பிறந்தது. அவ்வீதிக்கே சென்று நின்று பார்த்தால், நம் சினம் முறையானதுதானா என்னும் கேள்வி எழுகிறது.

2023 ஆகஸ்ட் 5 அன்று தூத்துக்குடியில் பனிமய மாதாவின் தங்கத்தேர் பவனி வந்தபோது மக்கள் திரளாகக் கூடி வடம் பிடித்தனர். திருவாரூர் ஆழித்தேரோ ஏறத்தாழ 300 டன் எடையுள்ளது. இத்தகைய பெருந்தேர் எளிதில் அசையாது. அசைந்துவிட்டால் எளிதில் நிற்காது. நிறை மிகுந்த அளவுக்கு, தன் நிலையை மாற்றிக்கொள்ள மறுக்கும் இயல்பும் மிகும். அறிவியலார் இதனை நிலைமம் என்பர். இயங்கும் பொருளை ஓயாது தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும் என்று அரிஸ்டாட்டிலின் வழிவந்தோர் நம்பினர். சாய்தளத்தில் குண்டுகளை உருட்டிப் பார்த்த கலிலேயோ, அவற்றை நிறுத்துவது உராய்வே என்று உணர்ந்தார். புறவிசை குறுக்கிடாதவரை ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை 1687-இல் நியூட்டன் விதியாக வகுத்தார்.

அப்படியாயின், உராய்வு இயக்கத்தின் பகையா? தேரின் அச்சில் அது பகையே. ஆகவே மசகு இடுகிறோம். அதே மசகை வீதியில் ஊற்றினால் என்ன ஆகும்? வடம் இழுப்போரின் கால்கள் வழுக்கும். கால் நிலத்தைப் பின்னுக்குத் தள்ள, நிலம் நம்மை முன்னுக்குத் தள்ளுகிறது. இரண்டையும் இணைப்பது உராய்வே. தேரைத் தடுப்பதாக நாம் எண்ணியதே தேரை நகர்த்துகிறது!

இன்னுமொன்று. வடத்தால் தேரை இழுக்கலாம். ஓடும் தேரைத் தடுத்து நிறுத்த வடத்தால் இயலாது. நிறுத்துவதும் திருப்புவதும் முட்டுக்கட்டையின் வேலை. வடம் பிடிப்போர் தொலைவில் இருக்க, கட்டை போடுபவர் உருளும் சக்கரத்தின் அருகிலேயே நடக்கிறார். பேரிடர் அவருக்கே.

நம் இல்லங்களில் நடப்பது என்ன? வீடு கட்டக் கடன் வாங்கும்போது, 'இவ்வளவு தாங்குமா?' என்று கேட்ட மனைவியை எத்தனை முறை வாயடைத்திருக்கிறோம்! பங்குப்பேரவையில் கணக்குக் கேட்டவரை அடுத்த கூட்டத்திற்கு அழைக்க மறந்துவிடுகிறோம். எல்லாரும் தலையாட்டும் இடத்தில் தேர் விரைந்து ஓடும் என்பது உண்மையே. திருப்பத்தில் அதனை யார் திருப்புவது?

எதிர்ப்பவர் எல்லாரும் நல்லவர் என்று நாம் சொல்லவில்லை. பொறாமையால் தடுப்பவரும் உண்டு. கடுஞ்சொல்லும் தன்முனைப்பும் அச்சில் ஏறிய மணல் போன்றவை. அவற்றிற்குப் பொறுமையே மசகு. இருவரையும் எவ்வாறு பிரித்தறிவது? கட்டை போடுபவரும் தேர் நிலைக்கு வந்து சேரவேண்டும் என்றே விரும்புகிறார். பொறாமைக்காரருக்கோ தேர் நின்றால் போதும். இவ்வேறுபாடு அவர் பேசும் முதற் சொல்லிலேயே விளங்கிவிடாது. இறுதிவரை கேட்டால்தான் விளங்கும்.

ஆகவே, அடுத்த முறை ஒருவர் நம்மிடம் 'வேண்டாம்' என்று சொல்லும்போது, 'ஏன்?' என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்போம். சக்கரத்தின் அருகில் நிற்பவருக்கு, வடத்தின் முனையில் இருக்கும் நமக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருக்கலாம்.