சிவகோசரியார் மறைந்து நின்ற நாள்

காளத்தி மலையில் திண்ணனார் செய்த வழிபாடு ஆறே நாட்கள். தீயில் வாட்டிப் பல்லால் அதுக்கிச் சுவை பார்த்த இறைச்சி, வாயில் கொணர்ந்த நீர், தலையில் செருகி வந்த மலர். உடுப்பூர் வேடர்குலத்து இளைஞர் அன்பைக் காட்ட அறிந்திருந்த முறை அதுவே. காலையில் வந்த சிவகோசரியார் எலும்பையும் ஊனையும் கண்டு பதறினார். அகற்றித் தூய்மை செய்து ஆகம விதிப்படி பூசித்தார். அவரிடம் குற்றமில்லை; அவர் அறிந்த அன்பு அது. கனவில் இறைவன் அவருக்கு இட்ட கட்டளையே எண்ணத்தக்கது. வேடனை விரட்டச் சொல்லவில்லை. அவனுக்கு ஆகமம் கற்பிக்கவும் சொல்லவில்லை. மறைந்திருந்து காணச் சொன்னார்.

2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த காளத்தி இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. அப்பகுதியில் யானாதியர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். வயல் எலி பிடிப்பதிலும் மீன்பிடிப்பதிலும் மூலிகை அறிவிலும் தேர்ந்தவர்கள். பெற்றோரை இழந்தோ வறுமையாலோ அவர்தம் குழந்தை ஒரு காப்பகத்துக்கு வரும்போது, சிவகோசரியாரின் முதல் நாட்களே அங்கு மீண்டும் நிகழ்வதுண்டு. பேச்சு திருத்தப்படுகிறது. வீட்டில் எலிக்கறி உண்டதைச் சொன்னால் சிரிப்பு எழுகிறது. சோறும் ஆடையும் குறைவின்றிக் கிடைக்கலாம். கூடவே தாயின் கைச்சோற்றை எண்ணி வெட்கப்படவும் குழந்தை கற்றுக்கொள்கிறது. விடுமுறையில் குடிசைக்குத் திரும்பினால் பாட்டியின் அருகில் அமரக் கூசுகிறது.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், குழந்தையின் நலனை வரையறுக்கும்போது அதன் அடையாளத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் குழந்தைகளைப் பல தலைமுறைகளாகப் பெற்றோரிடமிருந்து பிரித்ததற்கு, 2008 பிப்ரவரி 13 அன்று அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பிரித்தவர்களிலும் நன்மை செய்வதாகவே நம்பியவர்கள் இருந்தனர். அதுதான் அஞ்சத்தக்கது.

மறைந்திருந்து காண்பது அரிய தவமன்று. காப்பகப் பொறுப்பாளர் ஒருநாள் அக்குடியிருப்புக்குச் சென்று அமரலாம். குழந்தை எந்தக் கதை கேட்டு உறங்கியது, காய்ச்சலுக்கு எந்த இலை அரைப்பார்கள் என்று பாட்டியிடம் கேட்கலாம். அந்தப் பாட்டியையே வரவழைத்து, காப்பக அடுப்படியில் ஒரு வேளை சமைக்கச் செய்யலாம். பள்ளியிலும் மருத்துவத்திலும் தளர்வு வேண்டியதில்லை. சிவகோசரியாரும் தம் ஆகமத்தைக் கைவிட்டாரில்லை.

ஆறாம் நாள் இறைவன் கண்ணில் குருதி பெருகியபோது திண்ணனார் ஓடியது காட்டை நோக்கி. தம் குலத்தார் அறிந்த பச்சிலைகளைக் கொணர்ந்து பிழிந்தார். அதற்கும் நில்லாதபோதுதான் தம் கண்ணை அம்பால் இடந்து அப்பினார். மறைவில் நின்ற சிவகோசரியார் அனைத்தையும் கண்டுகொண்டிருந்தார்.